பத்து ஆடா, ஐந்து ஆடா?



குழுக்களின் கடன் விண்ணப்பங்களைப் பார்க்கும்போது "எதற்காகக் கடன்?" என்ற இடத்தில் நாங்கள் அடிக்கடி படிப்பது "ஆடு வளர்ப்பு" என்ற இரண்டு வார்த்தைதான். "எத்தனை ஆடு வாங்கப் போறீங்க?" என்று கேட்டால், "எவ்வளவு கடன் குடுப்பீங்க? அதுக்கு எத்தனை வருதோ அத்தனை" என்று பதில் வருகிறது. இந்த ஒரு பதிலைப் பற்றித்தான் இந்த மாதம் கொஞ்சம் விரிவாகப் பேசப் போகிறோம். ஆடு எத்தனை என்பதைக் கடன் தொகை முடிவு செய்யக் கூடாது. உங்கள் வீட்டில் கோடைக்கு இருக்கிற தீவனமும், குழுவில் கட்ட வேண்டிய மாதத் தவணையும்தான் முடிவு செய்ய வேண்டும்.

ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் நம் உறுப்பினர்கள் பலருக்கு ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை கிடைத்தால் ஒரு வெள்ளாமை. தை, மாசியில் அறுப்பு முடிந்து தாள் காட்டில் ஆடு நன்றாக மேயும், உடம்பு பிடிக்கும். பார்க்கிறவர்களுக்கு ஆசை வரும். அந்த நேரத்தில்தான் கடனும் கேட்கிறோம். ஆனால் பங்குனிக்குப் பிறகு கண்மாய்க் கரையிலும் தரிசிலும் புல் இருக்காது. சித்திரை, வைகாசி, ஆனி ஆகிய மூன்று மாதத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்குப் போடுவோம். நம் பக்கத்துச் செம்மறிப் பெட்டை சுமார் 25 கிலோ எடை இருக்கும். ஒரு ஆடு தன் எடையில் நூற்றுக்கு 3 முதல் 4 பங்கு வரை காய்ந்த தீவனமாக ஒரு நாளைக்குச் சாப்பிட வேண்டும். கடலைக்கொடியாகச் சொன்னால் ஏறக்குறைய 1 கிலோ. பாதி வயிறு மேய்ச்சலில் நிரம்பினாலும் மீதி அரைக் கிலோவை நாம் போட வேண்டும். 90 நாளைக்கு ஒரு ஆட்டுக்கு 45 கிலோ. பத்து ஆட்டுக்கு 450 கிலோ. அக்கா, உங்க போரில் அவ்வளவு கடலைக்கொடி இருக்கா? வீட்டில் ஒரு மாடும் இருந்தால் அதுவும் அதே போரில்தான் வாய் வைக்கும். இருக்கிறது என்றால் பத்து வாங்குங்கள். 200, 250 கிலோதான் தேறும் என்றால் ஐந்து ஆடு போதும். மீதி ஐந்தும் வைகாசியில் எலும்பும் தோலுமாகி, ஆடியில் வந்த விலைக்குப் போகும். அதற்கும் நீங்கள் வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

2011-ல் தமிழக அரசு விலையில்லா ஆடுகள் திட்டத்தைத் தொடங்கியபோது ஒரு குடும்பத்துக்கு 4 ஆடுகள் என்றுதான் வைத்தார்கள். நிலமே இல்லாத வீட்டுக்கும் அது தாங்குகிற எண்ணிக்கை. நாலைந்தில் ஆரம்பித்து, பிறக்கிற பெட்டைக்குட்டியை விற்காமல் வைத்து, மூன்றாம் வருடம் பத்தாக்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தீவனத்தைக் கூட்டவும் வழி இருக்கிறது. வேலி ஓரத்தில் அகத்தி, கிளுவை, கிளிரிசிடியா, சூபாபுல் நட்டு வைத்தால் கோடையிலும் தழை கிடைக்கும். சூபாபுல் தழையை மட்டும் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடக் கூடாது, அதிகமானால் முடி கொட்டும், உடம்புக்கு ஆகாது. கிணறு உள்ளவர்கள் கால் ஏக்கரில் வேலிமசால் அல்லது கோ எப்.எஸ்.29 தீவனச் சோளம் போடலாம். சோளம் பூக்கும் முன் இளம்பயிராக இருக்கும்போது அதில் விஷம் உண்டு, ஆட்டை உள்ளே விட்டுவிடாதீர்கள். சீமைக்கருவேல நெற்றைக் காயவைத்து இடித்து மற்ற தீவனத்தோடு கொஞ்சம் கலந்து கொடுக்கலாம். ரேஷன் அரிசியும் விசேஷ வீட்டுச் சோறும் மிச்சம் இருக்கிறது என்று ஆட்டுக்குத் தட்டில் கொட்டுகிற பழக்கம் பல ஊரில் இருக்கிறது. பாசம்தான், ஆனால் அளவுக்கு மீறிய அரிசி ஆட்டின் வயிற்றில் புளித்து ஒரே நாளில் ஆளையே சாய்த்துவிடும். நெல் காயப்போட்ட களத்தில் அவிழ்ந்த ஆடு புகுந்தாலும் இதே கதிதான்.

தவணை மாதா மாதம், ஆட்டு வருமானம் வருடத்துக்கு ஒரு தடவை

இதை நாங்கள் எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் ஒரு நிமிடம் அமைதியாகிவிடுகிறார்கள். செம்மறியின் சினைக்காலம் 5 மாதம். சினை இல்லாத பெட்டையை வாங்கி வந்தால், அது கிடாயோடு சேர ஒரு மாதம், சினை 5 மாதம், பிறந்த குட்டியை விற்கிற பருவத்துக்கு வளர்க்க இன்னும் 5, 6 மாதம். ஆக முதல் பணம் கையில் வர 11 அல்லது 12 மாதம் ஆகும். குழுவில் தவணை அடுத்த மாதமே ஆரம்பித்துவிடும். அந்தப் பதினொரு மாதமும் எதிலிருந்து கட்டுவது? நூறு நாள் வேலைக் கூலியிலிருந்தும், வெளியில் வாங்குகிற கைமாற்றிலிருந்தும் கட்டிவிட்டு, "ஆட்டுக் கடன் நல்லா அடைஞ்சிருச்சு" என்று பதிவேட்டில் எழுதுகிறோம்.

இதற்கு எங்களுக்குத் தெரிந்த வழிகளைச் சொல்கிறோம். வாங்கும்போது பாதி ஆடாவது குட்டியோடு இருக்கிற தாயாக, அல்லது மூன்று மாதச் சினையாக இருக்கட்டும். விலை கூடத்தான் இருக்கும். ஆனால் ஐந்தாறு மாதத்துக்குள் முதல் குட்டியை விற்கலாம். இரண்டாவது, உள்கடனாக இருந்தால் தவணையை எப்படி வைப்பது என்பது குழுவின் தீர்மானம்தான். முதல் எட்டு மாதம் வட்டி மட்டும், பிறகு குட்டி விற்கும்போது அசலில் பெரிய தொகை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்துக் கொடுக்கலாம். மூன்றாவது, மாதச் செலவுக்கும் தவணைக்கும் ஆட்டை நம்பாமல் கோழியையும் மாட்டையும் நம்புங்கள். எட்டுப் பத்து நாட்டுக்கோழி வீட்டில் இருந்தால் வாரத்துக்கு வாரம் முட்டையோ சேவலோ விற்கலாம். பால் மாடு இருந்தால் சொசைட்டியில் பணம் வந்துகொண்டிருக்கும். ஆடு, பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்துக்கும் திருகாணி மீட்கவும் மொத்தமாகக் கை கொடுக்கிற சொத்து. ஒவ்வொரு கால்நடைக்கும் ஒவ்வொரு வேலை.

வருமானக் கணக்கையும் கூட்டிச் சொல்லாமல் உள்ளபடி போடுங்கள். பயிற்சி நோட்டீசில் "இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று" என்று இருக்கும். நல்ல தீவனம் போட்டால் நடக்கும். மானாவாரியில் வருடத்துக்கு ஒரு ஈற்று என்று வைத்துக்கொள்வதே பத்திரம். வெள்ளாட்டில், அதிலும் கன்னி ஆட்டில், இரட்டைக் குட்டி சகஜம். செம்மறி பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான். பத்துப் பெட்டையில் ஒன்பது ஈன்றால், இரண்டு குட்டி தவறிப்போகலாம். மிஞ்சிய ஏழில் இரண்டு பெட்டையை மந்தைக்கு நிறுத்தினால் விற்பனைக்கு ஐந்து. அந்த ஐந்தை உங்கள் ஊர்ச் சந்தையின் இன்றைய விலையால் பெருக்கி, தவணை, மருந்து, தவிடு, புண்ணாக்குச் செலவைக் கழியுங்கள். வருகிற தொகையைப் பார்த்துத்தான் கடன் மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு குட்டி தவறுவதற்குப் பதிலாக நான்கு தவறினால் விற்க இருப்பது மூன்றே குட்டி. லாபமே அந்த இரண்டு குட்டியில்தான் இருக்கிறது. அதனால் சாவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

மழைக்கு முன்னால், மழைக்குப் பின்னால்

நம் பகுதியில் ஆடு அதிகம் சாவது பஞ்சத்தில் என்று நினைக்கிறோம். பஞ்சத்தில் மெலியும், விலை போகாது. கொத்தாகச் சாவது ஐப்பசியிலிருந்து மார்கழி வரை, புல் பச்சையாக இருக்கும்போதுதான்.

"நல்லாத்தான் இருந்துச்சு, சாயங்காலம் துள்ளிக்கிட்டு வந்துச்சு, விடிஞ்சு பாத்தா செத்துக் கிடக்கு, யாரு கண்ணு பட்டுச்சோ" என்று சொல்வோம் இல்லையா? கண்ணு இல்லை, அது துள்ளுமாரி நோய். மழைக்குப் பின் முளைத்த இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த குட்டியைத்தான் அது முதலில் பிடிக்கும். குடலில் எப்போதும் கொஞ்சமாக இருக்கிற கிருமி, தீவனம் திடீரென்று மாறியதும் பெருகி நஞ்சை விடுகிறது. வந்த பிறகு வைத்தியம் பார்க்க நேரமே கொடுக்காது. மழைக்கு முன்பு, ஆடி ஆவணிக்குள், தடுப்பூசி போட்டுவிட வேண்டும். முதல் தடவை போடுகிற குட்டிக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு ஊசியும் வேண்டும். பிறகு வருடம் ஒரு முறை.

ஆட்டுக்கொல்லி நோய் வேறு. காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாயில் புண், பிறகு நாற்றமான கழிச்சல். ஒரு ஆட்டுக்கு வந்தால் பட்டி முழுக்கப் பரவும். இந்த நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1987-ல், நம் தமிழ்நாட்டிலேயே, விழுப்புரம் பக்கம் அரசூரில். அதுவரை மாட்டுக்கு வருகிற வெக்கை நோய்தான் ஆட்டுக்கும் வந்திருக்கிறது என்று நினைத்திருந்தார்கள். அந்த அரசூர் கிருமியிலிருந்தே தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடுப்பூசியும் செய்தார்கள். குட்டிக்கு நான்கு மாதம் ஆனதும் ஒரு ஊசி, பிறகு 3 வருடத்துக்கு ஒரு முறை. தடுப்பூசியால் மாட்டு வெக்கை 2011-ல் உலகத்திலேயே இல்லாமல் போனது. ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் அப்படி ஒழிக்க வேண்டும் என்று எல்லா நாடுகளும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஊசி போடக் கால்நடைத் துறையினர் ஊருக்கு வருகிற அன்று "சினையா இருக்கு, வேணாம்" என்று ஆட்டை ஒளித்து வைக்காமல், சினை எத்தனை மாதம் என்று டாக்டரிடம் சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

நீலநாக்கு நோயும் மழைக்காலத்தில்தான். முகம் வீங்கி, நாக்கு தடித்து, கால் நொண்டும். இது ஆட்டுக்கு ஆடு ஒட்டுவதில்லை. சகதியிலும் ஈரச் சாணத்திலும் பெருகுகிற சின்னக் கொசு போன்ற பூச்சி கடித்துப் பரவுகிறது. பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை அது கடிக்கும். பட்டியைத் தண்ணீர் தேங்காத மேட்டுக்கு மாற்றி, வேப்பந்தழை, நொச்சித்தழை போட்டு மூட்டம் போடுங்கள். வந்த ஆட்டின் வாயை உப்புத் தண்ணீரில் கழுவி, கேப்பைக் கூழ் போல் மெதுவானது கொடுத்துத் தாங்கினால் பல ஆடு பிழைத்துவிடும்.

ஊசியே இல்லாத எதிரி ஒன்று இருக்கிறது. குடல்புழு. எங்கள் பார்வையில் மற்ற மூன்றையும் விட இதுதான் நம் பெண்களின் பணத்தை அதிகம் தின்கிறது, ஏனென்றால் சத்தமில்லாமல் தின்கிறது. ஆடு ரத்தம் இல்லாமல் வெளுத்து, தாடைக்குக் கீழே பை போல நீர் கோத்துக்கொள்ளும். சிலர் அதைக் கழுத்துக் கட்டி என்று சூடு போடுகிறார்கள். கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் கவலை இல்லை. வெளுத்த ரோஸ் அல்லது வெள்ளை என்றால் புழு ரத்தம் குடிக்கிறது. மாதம் ஒரு தடவை எல்லா ஆட்டுக்கும் இப்படிப் பார்க்க அரை மணி நேரம் போதும், காசு செலவே இல்லை.

புழுவின் முட்டை புழுக்கையோடு தரையில் விழுந்து, ஈரமும் வெப்பமும் இருந்தால் ஒரு வாரத்தில் குஞ்சாகி, பனி ஈரத்தில் புல் நுனிக்கு ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் மழைக்காலத்தில் பனி காய்ந்த பிறகு, ஒன்பது பத்து மணிக்கு மேல் மேய்ச்சலுக்கு ஓட்டச் சொல்கிறோம். காலையில் சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, அதற்கு முன்னாலேயே ஆட்டை ஓட்டிவிட்டால் வேலை முடியும் என்று நினைப்பது புரிகிறது. இந்த மூன்று மாதத்துக்கு மட்டும் காலையில் தழையைக் கட்டிவிட்டு, பிறகு ஓட்டுங்கள். கண்மாய் ஓரச் சேற்றுப் புல்லிலும் விடாதீர்கள், அங்கே நத்தை மூலம் தட்டைப்புழு வரும். புழு மருந்து மழைக்கு முன் ஒன்று, மழை முடிந்து தையில் ஒன்று, இடையில் கண் இமை வெளுத்த ஆட்டுக்கு. மருந்தை எடைக்குத் தகுந்த அளவில் ஊற்ற வேண்டும். ஒரு பாட்டிலைப் பத்து ஆட்டுக்குப் பங்கு போட்டுக் குறைத்து ஊற்றினால் புழு சாகாது, அந்த மருந்துக்கே பழகிவிடும். இளஞ்சினை ஆட்டுக்கு எது சேரும் என்று கேட்காமல் ஊற்றக் கூடாது. தலையை வானம் பார்க்கத் தூக்கி ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும், வாய் தரைக்கு நேராக இருந்தால் போதும்.

பிறந்த குட்டிக்கு ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போக வேண்டும். நஞ்சுக்கொடி விழட்டும் என்று காத்திருப்பதும், முதல் பால் கெட்டது என்று கறந்து கீழே ஊற்றுவதும் இன்னும் சில ஊரில் நடக்கிறது. தொப்புளுக்கு டிஞ்சர் வைத்து, கொடாப்பில் காய்ந்த சாக்கு விரித்துப் போடுங்கள். அவ்வளவுதான்.

எங்கே வாங்குவது, யார் விற்பது

திட்டமோ கடனோ வந்தால் ஒரே வாரத்தில் நான்கு குழுவும் ஒரே சந்தைக்குப் போகிறோம். அன்றைக்கு விலை ஏறும், கழிசல் ஆடெல்லாம் முன்னால் வந்து நிற்கும். முடிந்தவரை பக்கத்து ஊரில் தெரிந்த கீதாரியிடம், மந்தையைப் பார்த்து வாங்குங்கள். ராமநாதபுரம் வெள்ளை, வயிறு கறுத்த கீழக்கரிசல், புள்ளி போட்ட வேம்பூர் ஆடு இவையெல்லாம் நம் வெயிலுக்கும் நடைக்கும் பழகியவை. வெளியூரிலிருந்து கொண்டுவருகிற உயரமான ஜாதி ஆடு பார்க்க அழகு, அதன் தீனியும் அப்படித்தான். பல்லைப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பல் என்றால் ஒன்று முதல் ஒன்றரை வயது, நான்கு பல் என்றால் இரண்டு வயதுக்குப் பக்கம். எட்டுப் பல்லும் சேர்ந்து தேய ஆரம்பித்தது என்றால் அதைக் கடனில் வாங்க வேண்டாம். வாங்கி வந்ததை மூன்று வாரம் தனியாகக் கட்டி வைத்துவிட்டுப் பிறகு பட்டியில் சேருங்கள். கிடாய் 25 பெட்டைக்கு ஒன்று போதும், ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் கிடாய் வேண்டாம். குழுவுக்குப் பொதுவாக ஒன்று வாங்கி, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அடுத்த ஊர்க் குழுவோடு மாற்றிக்கொள்ளுங்கள். சின்ன மந்தைகளைச் சேர்த்தால் ஒன்றாகக் கிடை போட்டுக் கிடைக் கூலியும் பிரித்துக்கொள்ளலாம்.

விற்பது இன்னொரு கதை. தழை ஒடிப்பது, தண்ணி காட்டுவது, ராத்திரி குட்டி போடும்போது விளக்கு பிடிப்பது எல்லாம் பெண்கள். சந்தைக்கு ஓட்டிப் போவது வீட்டுக்காரர். அங்கே தரகர் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுகிறார், அந்தத் துண்டுக்குள் நம் கை போவதில்லை. கடன் புத்தகத்தில் இருப்பது நம் பெயர். இதில் சண்டை போடச் சொல்லவில்லை, எடை போடச் சொல்கிறோம். ஒரு தொங்கு தராசு வாங்கிக் குழுவில் வைத்துக்கொண்டால், ஆட்டை ஓட்டுவதற்கு முன்பே உயிர் எடை தெரிந்துவிடும். உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறியாகத் தேறும். கறிக்கடையில் கிலோ என்ன விலை என்று நமக்கே தெரியும். தரகர் கேட்கிற விலை எவ்வளவு குறைவு என்று வாசலிலேயே கணக்குப் போட்டுவிடலாம். இந்த எடையை நோட்டில் எழுதி வைத்தால், திரும்பி வருகிற பணத்தைப் பற்றி வீட்டில் கேட்கவும் வாய் வரும். பக்ரீத் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் வரும், தேதியைப் பார்த்து வைத்துக் கிடாயைத் தயார் செய்யுங்கள். கண், கால், கொம்பில் பழுது இருந்தால் குர்பானிக்கு எடுக்க மாட்டார்கள்.

கடைசியாகக் காப்பீடு. ஆட்டின் காதில் போடுகிற தோடுதான் ஆதாரம், தோடு இல்லை என்றால் பணம் இல்லை. பாலிசி உறுப்பினர் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடு செத்தால் துக்கத்தில் உடனே புதைத்துவிடாதீர்கள், கறிக்காரருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கால்நடை மருந்தகத்துக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் சொல்லி, டாக்டர் வந்து அறுத்துப் பார்த்துச் சான்று கொடுத்த பிறகு, தோட்டைக் காதோடு எடுத்து வைத்துவிட்டுப் புதையுங்கள். அவசர வைத்தியத்துக்கு 1962 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்யலாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஆட்டுக் கடன் கேட்டு வருகிறவர்கள், போரில் எத்தனை கிலோ தீவனம் இருக்கிறது, வீட்டில் எத்தனை உருப்படி இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். ஊக்குநரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.